கடலுக்கு 800 மீட்டரில் ஒரு கிரவுண்டு: வாங்கலாமுங்களா?

14 செப்டம்பர் 2024, மாலை 6.10 (கேள்வி: அவிநாசிக்காரர்)

ஊரில் இருந்த காட்டைப் பாகம் பிரித்ததில் கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு லேஅவுட். கடல் 800 மீட்டர் என்கிறார்கள். இங்கே அவிநாசியில் இரண்டு சென்ட்டுக்குச் சொல்கிற விலையில் அங்கே ஒரு கிரவுண்டே வருகிறது. சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) சட்டமெல்லாம் 500 மீட்டருக்குள்தான், நமக்கு வராது என்று புரோக்கர் சத்தியம் செய்கிறார். பிள்ளைகள் காலத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

14 செப்டம்பர், இரவு 10.35 (பல்லடம் தறிக்காரி)

வேண்டாமுங்ணா. வாங்கி நொந்தவள் சொல்கிறேன். அதே சாலையில், அதே எண்ணூறு மீட்டரைச் சொல்லித்தான் எங்களுக்கும் கொடுத்தார்கள். தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டது, பிணைக்க ஆள் வந்து நிற்கிறார். மீதி நாளைக்கு.

15 செப்டம்பர், மதியம்

2013 ஆனி மாதம். ராத்திரி பல்லடத்தில் வேன் ஏற்றினார்கள். விடிகாலையில் இறங்கினால் பல் விளக்கும் பேஸ்டிலிருந்து இட்லி வரை அவர்கள் செலவு. வந்த பதினாறு பேரும் நம்ம பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் கடலைப் பார்த்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். முதலில் கடலில் கால் நனைக்க விட்டார்கள், அப்புறம்தான் சைட்டுக்கு அழைத்துப் போனார்கள். தெரிந்தே செய்கிற வேலை அது. ஈரக்காலோடு நிற்கிறவனுக்கு எந்த மண்ணும் பொன்னாகத்தான் தெரியும்.

சைட்டில் ஒரு சிமென்ட் ஆர்ச், மஞ்சள் அடித்த கல், இரண்டு வரிசை தென்னங்கன்று. மண் மேலே அங்கங்கே சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழே விரல் மொத்தத்தில் நண்டு வளை. தடித்த இலையோடு தரையில் படர்ந்த ஒரு செடி, ஓரம் சிவந்திருந்தது. நான் ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த கிழவி நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, உமரி மொளைக்கிற எடத்துல ஊடு கட்டப் போறீங்களா?" என்றார். எங்கள் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பாரு காடு வாங்கப் போனால் முதலில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைப்பார். கிணறு எட்டிப் பார்ப்பார். வேலியில் கிளுவை எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் விலை. அவர் பேத்தி நான், ஆர்ச்சைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு தறியை எடைக்குப் போட்ட பணம். கிரயம் என் பேரில். பெண் பேரில் இருந்தால் ராசியாம்.

பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருந்தது. கிழக்கே "கழி புறம்போக்கு". எங்கள் பக்கம் கழி என்றால் மூங்கில் குச்சி. அண்ணன், "பக்கத்துக்காரன் கழி நட்டு வேலி போட்டிருப்பான் போல" என்றார். வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அது உப்பங்கழி.

15 செப்டம்பர், இரவு

கேட்டீர்களே, கடல் எவ்வளவு தூரம் என்று. புரோக்கர் சொன்னது பொய்யில்லை. கடல் 800 மீட்டர்தான். ஆனால் கடல் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, கழியாகி, எங்கள் மனைக்குப் பின்பக்கம் நிற்கிறது. கடலில் ஓதம் ஏறினால் இங்கேயும் தண்ணீர் ஏறும், வற்றினால் இறங்கும். அதற்கும் அதே சட்டம்தான்.

பதிவு பண்ணிக் கொடுத்தார்களே என்று ஒருவர் கேட்கிறார். பதிவு வேறு, மனை அங்கீகாரம் வேறு, கட்டட அனுமதி வேறு. எங்களுடையது "பஞ்சாயத்து அப்ரூவல்". லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை, நாம் சொல்கிற டிடிசிபி. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று நிறுத்தியபோதுதான் எங்கள் பத்திரத்தின் லட்சணம் எங்களுக்கே தெரிந்தது. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 20-10-2016 வரை விற்ற மனைக்குக் கட்டணம் கட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்றார்கள். பல்லடத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்துகொண்டார்கள். நாங்களும் மனை இருக்கிற ஊருக்குப் போய் மனு கொடுத்தோம். "கடலோர மண்டலத்தில் வரவில்லை என்று ஒரு கடிதம் கொண்டு வாங்க" என்றார்கள். அந்தக் கடிதம் வரவில்லை. வரவும் வராது.

16 செப்டம்பர், காலை

நேற்று ராத்திரி அசதியில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது "500 மீட்டருக்குள் எதுவுமே கட்ட முடியாது" என்று எழுதிவிட்டேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

1991இல் வந்த சட்டம், 2011இல் மாற்றி எழுதினார்கள், 2019இல் மறுபடியும். ஓதம் அதிகபட்சம் ஏறுகிற கோடு ஒன்று உண்டு, ஹை டைட் லைன். அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரைக்கும் ஒழுங்குமுறை மண்டலம். மண்டலத்துக்குள் இருந்தாலே கட்டக்கூடாது என்று இல்லை. ஏற்கெனவே வீடும் ரோடுமாக இருக்கிற டவுன் பகுதி ஒரு வகை. கிராமப் பகுதி இன்னொரு வகை, அதில் 2011 விதிப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானமே கூடாத பட்டை. 200 முதல் 500 வரை வீடு கட்டலாம், ஆனால் மீனவர் குடியிருப்பு மாதிரி காலங்காலமாக அந்த ஊரில் புழங்குகிறவர்களின் உரிமைக்கு உட்பட்டு, கீழ்த்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். பல்லடத்திலிருந்து போய் நிற்கிற எனக்கு அங்கே என்ன காலங்கால உரிமை?

2019இல் ஜன நெருக்கடியான கிராமங்களுக்கு அந்த 200ஐ 50 ஆக்கிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர், இல்லாவிட்டால் பழையபடி 200. இதைத்தான் புரோக்கர்கள் "சட்டம் தளர்ந்துடுச்சுங்க" என்று சுருக்கமாகச் சொல்வது. புது விதிப்படி வரைபடம் திருத்தி ஒப்புதல் வாங்குகிற வரைக்கும் பழைய வரைபடம்தான் செல்லும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கழிக்கு: 2011இல் 100 மீட்டர், அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அந்த 100, 50 ஆனது. எங்கள் இடத்தில் கழி நாற்பது மீட்டர் அகலம் இருக்கும். மனையின் பின்கல்லிலிருந்து தண்ணீர் முப்பதடி. அந்த விதியோ இந்த விதியோ, நாங்கள் உள்ளே.

16 செப்டம்பர், மாலை

ஒரு கிரவுண்டு எத்தனை சென்ட் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக ஐந்தரை சென்ட். மெட்ராஸ்காரனுக்குக் கிரவுண்டு, நமக்குச் சென்ட். கோயமுத்தூர் ஆளிடம் ஐந்தரை சென்ட் என்றால் யோசிப்பான், ஒரு கிரவுண்டு என்றால் ஏதோ மைதானமே வருகிற மாதிரி மயங்கிப்போவான்.

19 செப்டம்பர்

"வீடு கட்டாவிட்டால் போகிறது, போர் போட்டுத் தென்னை வைக்கலாமே" என்று பொள்ளாச்சிக்காரர் ஒருவர். அண்ணா, இதையும் நாங்கள் யோசித்தாயிற்று.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்றுதான்: தண்ணீர் இல்லையா, இன்னும் நூறடி இறக்கு. ஆயிரத்து இருநூறு அடி போட்டுப் புகையை மட்டும் பார்த்த காடுகள் எங்கள் ஊரில் எத்தனை! கடலோரத்தில் அந்தப் புத்தியோடு போனால் கெட்டோம். அங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது, பாலில் ஆடை மாதிரி. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஒரு அடி குறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரும். மேலே ஒரு அடி, கீழே நாற்பது. நாலு மெத்தை வீடும் நாலு போரும் வந்தால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்க் கிணறும் சேர்ந்து கரிக்கும்.

2011 விதியில் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200லிருந்து 500 வரை வேறு வழியே இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றிலிருந்து, கையால் இறைத்துக்கொள்ளலாம். ஏற்றம் இறைத்த அப்பாரு காலத்துக்குத் திரும்பிப் போகத் தயாரென்றால் தென்னை வையுங்கள்.

அண்ணன் ஒரு தடவை ஆள் வைத்துக் கைபோர் இறக்கிப் பார்த்தார். பன்னிரண்டடியில் நல்ல தண்ணீர். குடித்தோம், சிறுவாணி மாதிரி இருந்தது என்று துள்ளினார். இன்னும் நல்லதாக வரும் என்று முப்பதடிக்கு இறக்கச் சொன்னார். வந்ததை வாயில் வைக்க முடியவில்லை. இறக்கிய ஆள் சொன்னார்: "ஒங்க ஊர்ல ஆழம் போனாத் தண்ணி, எங்க ஊர்ல ஆழம் போனா உப்பு சார்."

23 செப்டம்பர்

எங்கே போய்ப் பார்ப்பது என்று அவிநாசிக்காரர் கேட்டிருந்தார்.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் எடுப்பதுதான். அதோடு புல வரைபடம் எடுங்கள், எஃப்எம்பி. சர்வே எண்ணுக்குள் ஓடை, வண்டிப்பாதை எது போனாலும் கோடு இருக்கும். ஏ ரெஜிஸ்டரில் (கிராம நிலப் பதிவேடு) பக்கத்து எண் என்ன வகை என்று பாருங்கள்: புறம்போக்கு என்றால் என்ன புறம்போக்கு? இரண்டும் தமிழ்நிலம் தளத்திலேயே கிடைக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். எங்கள் காலத்தில் அது இல்லை, 2017இல்தான் வந்தது.

அப்புறம் கடலோர மண்டல வரைபடம். 1:4000 அளவில், சர்வே எண்ணோடு போட்டிருப்பார்கள். ஓதக் கோட்டை நம் இஷ்டத்துக்கு டேப் பிடித்து அளக்க முடியாது. அதைக் குறித்துக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மத்திய அரசின் கடலோர மேலாண்மை மையம் ஒன்று இருக்கிறது. கழியில் ஓதம் எதுவரை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற அளவு எனக்குப் பிடித்த விஷயம்: நல்ல கோடையில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி உப்பு என்று வையுங்கள். அப்பாரு நாக்கில் வைத்துப் பார்த்ததைத்தான் அவர்கள் கருவி வைத்துப் பார்க்கிறார்கள்.

உமரி மொளைக்கிற இடம் என்று கிழவி சொன்னாரே, அந்த உவர்ச் சதுப்பு சட்டத்தில் தனி வகை. மணல்மேடு, அலையாத்திக் காடு, சதுப்பு எல்லாம் முதல் வகுப்பு, தொடவே கூடாதது. ஆடு மேய்க்கிற ஒருவர் ஒரு வரியில் சொன்னது எனக்கு நாலு வருடம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு தாளில் வந்தது.

24 செப்டம்பர்

"கட்டிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள்?" பாலக்காட்டைத் தாண்டிப் பாருங்கள். கொச்சி மரடு. 2020 ஜனவரி 11, 12. நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். காயலோரம், சிஆர்இசட் மீறல். உச்ச நீதிமன்ற உத்தரவு 2019 மே மாதம் வந்தது. கட்டினவர்கள் கையில் அனுமதி இல்லாமலா கட்டினார்கள்? மரடு பஞ்சாயத்து 2006இல் கொடுத்த கட்டட அனுமதி இருந்தது. வாங்கினவர்களுக்கு இடைக்கால நஷ்டஈடாக ஆளுக்கு 25 லட்சம். நாங்கள் குடோனில் தறியை நிறுத்திவிட்டு டிவியில் பார்த்தோம். ஒரு நிமிஷம்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மனைப் பத்திரத்தைப் பீரோவின் மேல்தட்டிலிருந்து அடித்தட்டுக்கு மாற்றி வைத்தார்.

24 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

ஒருவர் திட்டியிருக்கிறார்: ஏமாந்துவிட்டு ஊரையே பயமுறுத்துகிறாளாம். ஏமாந்தவள்தானே சொல்ல முடியும்? ஏமாற்றினவர்களா இங்கே வந்து எழுதுவார்கள்?

2 அக்டோபர்

இதை எழுதுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் மேலேயே எனக்கு வந்த சந்தேகம் இது.

வரன்முறை ஆகாது என்று தெரிந்த நாள் எனக்கு வந்த கோபம் விற்றவர்கள் மேல் இல்லை, பக்கத்திலிருக்கிற மீனவர் குப்பத்தின் மேல். எங்களை விடத் தண்ணீருக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு இருக்கிறது. 200 மீட்டருக்குள்ளேயே, நூறுக்கு அப்பால், மீனவர்களும் பரம்பரைக் கடலோர ஜனங்களும் வீடு கட்ட அனுமதிக்கலாம் என்று விதி சொல்கிறது. அவர்களுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று அந்த ஆபீஸிலேயே சத்தம் போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கரைவலை இழுக்கிறதைப் பார்த்தேன். வலையின் ஒரு முனை கரையில், படகு கடலுக்குள் வளைந்து போய் மறுமுனையை வெகுதூரம் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருகிறார்கள். அத்தனை நீளக் கரையும் காலியாக இருந்தால்தான் அது நடக்கும். நடுவில் ஒரு ரிசார்ட் சுவர் நீட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. அந்தப் பக்கம் கருவாடு காய்கிறது, இந்தப் பக்கம் வலை பின்னுகிறார்கள், படகு ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வேனிலிருந்து இறங்கி "எவ்வளவு எடம் சும்மா கெடக்குது பாரு" என்று பேசியது இந்த மணலைத்தான்.

நம்ம களத்தை யாராவது சும்மா கிடக்கிற இடம் என்று சொன்னால் விடுவோமா? காங்கேயம் பக்கம் கொறங்காட்டைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரன் தரிசு என்றால்? கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிற்பது மாட்டுக்கு என்று நமக்குத் தெரியும். காடு, தோட்டம், வயல் என்று நிலத்துக்கு நிலம் பேர் வைத்துப் பேசுகிற ஆட்கள் நாம். அங்கே போனதும் நமக்குத் தெரிந்தது ஒரே பேர்தான், சைட்.

சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. 200 மீட்டருக்குள் வீடு இடிந்தவர்கள் உள்ளே தள்ளி வந்தால் ஒன்றரை லட்சம் மதிப்பில் வீடு இலவசம். வர மாட்டேன் என்றால் இருக்கிற வீட்டைச் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ளலாம், உதவி கிடையாது. உயிருக்குப் பாதுகாப்பு, சரிதான். ஆனால் வீட்டிலிருந்து படகு கண்ணில் படாவிட்டால் எப்படித் தொழில் செய்வது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நகர்ந்தவர் விட்டுப்போன மணலை யார் வந்து வாங்குவார்கள் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்துக்கு முகம் வைத்தால் பதினாறு பேர் இறங்கின எங்கள் வேன் மாதிரிதான் இருக்கும்.

3 அக்டோபர்

இல்லை, மேலே எழுதியதைப் படித்தால் குப்பத்தில் எல்லோரும் மகான்கள் மாதிரி இருக்கிறது. அப்படியில்லை. எங்கள் லேஅவுட்டுக்கு நிலம் விற்றவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஆர்ச் கட்டினது உள்ளூர்க் கொத்தனார்தான். விலை ஏறினபோது யாருக்குத்தான் கசக்கும்? அவிநாசியில் காட்டை விற்றது யார், நாம்தானே.

11 அக்டோபர்

கழுவேலியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அது எங்கள் மனையிலிருந்து தள்ளித்தான். பெரிய ஏரி, மழைக்கு நல்ல தண்ணீர், கோடையில் உப்பேறும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். "அப்போ ரேட் ஏறும்" என்று அண்ணன் அன்றைக்குப் போன் பண்ணினார். பறவை வந்தாலும் ரேட், ரோடு வந்தாலும் ரேட். அண்ணனைத் திருத்த முடியாது.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை என்கிறார்கள். நமக்கு ஒரு வருடத்தில் பெய்கிறதில் முக்கால் பங்கு அது. பல்லடத்தில் சும்மா தூறிக்கொண்டிருக்கிறது, நான் காலையிலிருந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைக்காக இல்லை. கைபோர் இறக்கினவர் நம்பரை வைத்திருந்தேன், எடுக்கவில்லை.

4 டிசம்பர்

பேசினார். குடும்பம் பள்ளிக்கூடத்தில் இருந்ததாம், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் மனையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: கல் ஒன்றும் தெரியவில்லை, கழியும் மனையும் ஒன்றாகக் கிடக்கிறது, மேற்கேயிருந்து வந்த வெள்ளம் வடிய முகத்துவாரம் போதவில்லை, லேஅவுட்டுக்கு மண் அடித்து உயர்த்தின ரோடுதான் மறித்துக்கொண்டு நின்றது, ஜேசிபி வைத்து ஒரு இடத்தில் அறுத்துவிட்டார்கள். ஆர்ச் மட்டும் நிற்கிறதாம்.

முந்தியெல்லாம் நான் கடல் உள்ளே வருவதைப் பற்றித்தான் யோசித்தேன். மழைத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழி என்ற நினைப்பே இல்லை. உள்ளே வருகிற வாசலும் வெளியே போகிற வாசலும் ஒன்றேதான். நாங்கள் வாசப்படியில் மனை வாங்கியிருக்கிறோம்.

6 டிசம்பர்

"அதெல்லாம் கடலோரக் கதை, நம்ம ஊர் மேட்டு நிலம், நமக்கென்ன" என்று எழுதியவருக்கு: 2011 நவம்பரில் திருப்பூரில் நொய்யலும் பள்ளங்களும் ஒரே ராத்திரியில் நிரம்பி வீடுகளை இழுத்துக்கொண்டு போனதை மறந்துவிட்டீர்களா? வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கொங்குப் பக்கம் பள்ளம் என்றால் குழி இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை. திருப்பூரில் ஜம்மனைப் பள்ளம், கோவையில் சங்கனூர்ப் பள்ளம். பத்து வருடம் காய்ந்து கிடக்கும், கிரிக்கெட் விளையாடுவார்கள், குப்பை கொட்டுவார்கள், அப்புறம் ஒரு வீடு வரும். பதினோராவது வருடம் தண்ணீர் பழைய பாதையைத் தேடி வரும். கோவைக்கு மேற்கே மலையடிவாரக் கிராமங்களுக்கு ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) என்று தனிக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறி வாங்கி மாட்டிக்கொண்டு விழிப்பவர்களும் நம்ம ஆட்கள்தான்.

6 டிசம்பர், இரவு

அவிநாசிக்காரர் கேட்கிறார்: "நீங்க எங்கீங்க குடியிருக்கறீங்க, மேட்டுலீங்களா பள்ளத்துலீங்களா?"

மேட்டில்தான். 1998இல் கட்டின வீடு. ஒரு தடவைகூடத் தண்ணீர் வந்ததில்லை. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தார் ரோடு.

8 டிசம்பர்

அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தறி நிறுத்தம், சும்மாதான் இருந்தேன். ஊருக்கெல்லாம் எடுக்கச் சொன்ன எஃப்எம்பியை எங்கள் வீட்டு சர்வே எண்ணுக்கு ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்தேன். தெற்கோரத்தில் இரட்டைக் கோடு ஒன்று வளைந்து வந்து, தார் ரோடு இருக்கிற இடத்தில் நேராகப் போய், கீழ்ப்பக்கம் குட்டைக்கு இறங்குகிறது. வண்டிப்பாதையாக இருக்கும் என்று மாமனாரிடம் காட்டினேன். எண்பத்திரண்டு வயது. கண்ணாடியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அதுல நான் எருமை கழுவியிருக்கேன் சாமி" என்றார்.

பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து இரண்டு பத்திரத்தையும் எடுத்தேன். கடலோர மனைக்குக் கிழக்கே கழி. எங்கள் வீட்டுப் பத்திரம், இரண்டாவது பக்கம், நான்கு எல்லை: வடக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் காடு, கிழக்கே பொதுத் தடம்.

தெற்கே "பள்ளம்".

கீழே என் கையெழுத்து இருக்கிறது. நன்றாகப் படிக்கிற மாதிரி, முத்து முத்தாக.

9 டிசம்பர்

அவிநாசிக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறாராம், பாதிதான் தருவார்களாம். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்கள் மீதியையும் கட்டினோம். பாதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்ணா.

எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். பள்ளம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கல் போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை.